கீழே பிளீட் பண்ணின பிரேக் மேலே போனதும் இறங்குது: மலைக்காற்றா காரணம்?

மே 11, இரவு 9.40. மேட்டுப்பாளையம் நண்பரின் கேள்வி

2006 மாடல் மாருதி 800. பின்சக்கரம் ரெண்டுக்கும் வீல் சிலிண்டர் மாற்றி, புது பிரேக் ஷூ போட்டு, வாசலிலேயே நானும் தம்பியுமாகப் பிளீட் பண்ணினோம், அதாவது பிரேக் ஆயில் லைனில் சிக்கிய காற்றை எடுத்தோம். பெடல் கல் மாதிரி நின்றது. ஊருக்குள் நாலு நாள் ஓட்டினேன், ஒரு குறையும் இல்லை. நேற்று குடும்பத்தோடு ஊட்டிக்குக் கிளம்பினோம். மரப்பாலம் தாண்டி சீசன் நெரிசலில் நின்று நின்று ஏறும்போது பெடல் ரெண்டு அங்குலம் உள்ளே போக ஆரம்பித்தது. பம்ப் பண்ணினால் ஏறுகிறது. பயந்துபோய் குன்னூரோடு திரும்பி, கோத்தகிரி வழியாக செகண்ட் கியரிலேயே இறங்கி வந்தேன். லாரி ஓட்டிய மாமா சொல்கிறார்: "மேல காத்து இளகிரும்டா. அது லைன்ல பூந்துரும். மலைக்குப் போற வண்டிக்கு மேல போய் இன்னொரு தடவ காத்து எடுக்கோணும்." உண்மையா?

மே 11, இரவு 10.15

மாமா சொல்வது கதை. பிரேக் லைன் மூடிய அமைப்பு. வெளிக்காற்று அடர்த்தியாக இருந்தாலும் இளகி இருந்தாலும் அதற்குள் புக வழியில்லை. நான் குன்னூரில் இருபத்திரண்டு வருஷமாக 800 வைத்திருக்கிறேன், தேயிலை பாக்டரியில் ஃபிட்டர் வேலை. உயரத்தால் பிரேக்குக்கு ஏதாவது ஆகும் என்றால் நேர்மாறாகத்தான் ஆகும், பெடல் கனமாகும். மிதிக்கிற காலுக்குத் துணை செய்கிற பூஸ்டர் வேலை செய்வது வெளிக்காற்றின் அழுத்தத்துக்கும் இன்ஜின் இழுக்கும் வெற்றிடத்துக்கும் உள்ள வித்தியாசத்தில். ஊட்டி 2240 மீட்டர். அங்கே காற்றழுத்தம் மேட்டுப்பாளையத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு, அதனால் பூஸ்டரின் துணையும் குறையும். உங்கள் பெடல் இறங்கியது. ஆகவே லைனில் காற்று மிச்சம் இருக்கிறது. மறுபடி எடுங்கள்.

மே 12, காலை 6.30

நேற்று தூக்கக் கலக்கத்தில் தீர்ப்பு எழுதிவிட்டேன். மறுபடி எடுப்பதற்கு முன்னால் பார்த்துவிடுங்கள். பெடலைக் காலால் விசாரித்தாலே பாதி விஷயம் தெரியும்.

இன்ஜினை நிறுத்திவிட்டு ஐந்தாறு தடவை மிதித்தால் பூஸ்டரில் சேர்ந்த வெற்றிடம் தீர்ந்து பெடல் இறுகிவிடும். மிதித்த காலை எடுக்காமல் ஸ்டார்ட் பண்ணுங்கள். பெடல் காலுக்குக் கீழே கொஞ்சம் தழையணும். தழைந்தால் பூஸ்டர் நன்றாக இருக்கிறது. தழையவில்லை என்றால் பூஸ்டரையோ அதற்குப் போகும் குழாயையோ பார்க்கணும்.

மிதிக்கும்போது பஞ்சு மாதிரி இருந்து, கடைசி வரை உறுதியே வராவிட்டால் காற்று. அல்லது பழைய ரப்பர் ஹோஸ் மிதிக்கிற மிதியில் பலூன் மாதிரி வீங்குகிறது. முதல் மிதிக்கு ஆழமாகப் போய், ரெண்டாவது மிதிக்கு மேலேயே கெட்டியாக நின்றால் பெரும்பாலும் பின் டிரம்மின் சுவரை விட்டு ஷூ தள்ளி நிற்கிறது. பிளீட் பண்ணிப் பண்ணி ஒரு லிட்டர் ஆயிலைத் தீர்த்தாலும் அது போகாது. ஷூவை ஏற்றி வைக்கணும். புது ஷூ போட்டீர்களே, சக்கரத்தைத் தூக்கிச் சுற்றி லேசாக உரசுகிறதா பார்த்தீர்களா?

மூன்றாவதாக ஒன்று, மிதித்தபடியே பிடித்துக்கொண்டு பெடல் மெல்ல நழுவுகிறதா என்று பார்ப்பது. பாக்டரிக்கு நேரமாகிவிட்டது, அதைப் பிறகு எழுதுகிறேன்.

மே 12, மதியம்

ஷூ உரசுகிறதாம், ஏற்றித்தான் வைத்திருக்கிறாராம். சரி.

மே 13, இரவு 9.05

வாபஸ் வாங்க வேண்டிய நாள். மதியம் பாக்டரி கடையில் டீ குடிக்கும்போது மேலே சிப்ஸ் பாக்கெட்டுகள் சரம் சரமாகத் தொங்கின. கோயம்புத்தூரிலிருந்து வருபவை. ஒவ்வொன்றும் தலையணை மாதிரி உப்பிப் பளபளவென்று இருந்தது. தினமும் பார்க்கிற காட்சிதான், இன்றைக்கு உறைத்தது. கீழே அடைத்த காற்று மேலே வந்தால் பெரிதாகிறது. பிரேக் லைனில் ஒரு குமிழி தங்கியிருந்தால் அதுவும் பெரிதாகத்தானே வேண்டும்?

"மூடிய அமைப்பு" என்று நான் எழுதியதும் தப்பு. மிதிக்கும்போதுதான் அது மூடுகிறது. காலை எடுத்ததும், பெடல் தள்ளுகிற பிஸ்டன் இருக்கும் மாஸ்டர் சிலிண்டரில் உள்ள சின்னத் துளை திறந்து, லைன் முழுவதும் மேலே இருக்கிற ஆயில் டப்பாவோடு சேர்ந்துகொள்ளும். டப்பா மூடியில் காற்றுப் போகும் வழி உண்டு. ஆக, சும்மா நிற்கிற வண்டியில் லைனுக்குள் இருப்பது அந்தந்த ஊர்க் காற்றின் அழுத்தம்தான். குமிழி பெரிதானால் ஆயிலை டப்பாவுக்குத் தள்ளிவிட்டு இடம் பிடித்துக்கொள்ளும். அடுத்த மிதியில் அந்தப் பெரிய குமிழியை நசுக்கிய பிறகுதான் சக்கரத்துக்கு அழுத்தம் போகும்.

மாமாவிடம் என் சார்பில் மன்னிப்புக் கேளுங்கள். பாதி மன்னிப்புதான். காற்று வெளியிலிருந்து பூராது என்பதில் மாற்றமில்லை.

மே 15, இரவு

சோதித்தே பார்த்துவிட்டேன். நேற்று உறவில் ஒரு விசேஷத்துக்கு மேட்டுப்பாளையம் போகவேண்டி இருந்தது. மருந்துக் கடையில் 20 மில்லி சிரிஞ்ச் வாங்கி, ரப்பரில் துளி தேங்காய் எண்ணெய் தடவி, கல்லாறில் 10 மில்லி காற்று இழுத்து, முனையை எம்-சீல் வைத்து அடைத்தேன். கூட வந்தவர்கள் பார்த்த பார்வையைச் சொல்லவேண்டாம். குன்னூர் பஸ் ஸ்டாண்டு அருகே சிரிஞ்சை ரெண்டு தட்டு தட்டிப் பார்த்தால் 11-ஐத் தாண்டியிருந்தது. இன்று காலை வேலையாக ஊட்டி போனபோது சேரிங் கிராஸில் ஏறக்குறைய 12. அழுத்தக் கணக்குப்படி இன்னும் கொஞ்சம் கூடணும். குளிரில் காற்று சுருங்குவதால் அந்த மிச்சம் அடிபட்டுப் போகிறது.

இதைப் படித்த ஒரு இயற்பியல் வாத்தியார் நினைவூட்டினார். பிரேக் எந்த விதியில் வேலை செய்கிறதோ அந்த விதிக்குச் சொந்தக்காரர் பாஸ்கல். அதே பாஸ்கல்தான் 1648 செப்டம்பரில் தன் மைத்துனரைப் பாதரசக் குழாயோடு பிரான்சில் பூய் த டோம் மலைக்கு ஏற்றிவிட்டு, மேலே போகப்போகக் காற்றழுத்தம் குறைவதைக் காட்டினார். நம் கேள்வியின் ரெண்டு பாதியும் ஒரே ஆளிடம் இருக்கிறது. மைத்துனரை மலையேற்றிவிட்டுத் தான் கீழே இருந்துகொண்டார் என்பதையும் கவனிக்கவும்.

மே 15, இரவு 11.20

படுத்தேன், தூக்கம் வரவில்லை. குமிழி பெரிதாகும், சரி. எவ்வளவு?

மாஸ்டர் சிலிண்டர் உள்விட்டம் 20 மி.மீ. என்று வைப்போம். பரப்பு 3.14 சதுர செ.மீ. பெடலின் நெம்பு நாலுக்கு ஒன்று. லைனில் 1 மில்லி காற்று இருந்தால் அதை நசுக்கவே பிஸ்டன் 3 மி.மீ. சொச்சம் போகணும், பெடலில் 13 மி.மீ. அதே காற்று குன்னூரில் 1.2 மில்லி ஆனால் பெடலில் 15 சொச்சம். வித்தியாசம் ரெண்டரை மி.மீ. ரெண்டு நாணயத்தை அடுக்கிய தடிமன்கூட இல்லை.

நம் நண்பருக்கு இறங்கியதோ ரெண்டு அங்குலம். அதற்கு மலையைக் காரணம் சொல்லவேண்டுமானால் லைனில் 20 மில்லி காற்று இருந்திருக்கணும். அவ்வளவு காற்றோடு மேட்டுப்பாளையத்தை விட்டே கிளம்பியிருக்க முடியாது. பெடல் வாசலிலேயே தரையைத் தொட்டிருக்கும். (பிரேக் லைன் ரெண்டு தனிப் பிரிவாக, ரெண்டு சர்க்யூட்டாக இருக்கும்; ரெண்டையும் ஒன்றாகச் சேர்த்துப் போட்ட சுமார்க் கணக்குதான் இது.)

பாதி மன்னிப்பில் பாதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். மலை கூட்டியது நிஜம், கூட்டியது ரெண்டரை மி.மீ. மற்றதெல்லாம் எங்கிருந்து வந்தது?

மே 17, ஞாயிறு

எந்தச் சக்கரத்தில் ஆரம்பிப்பது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். "பின் வலது முதலில்" என்று சொல்லும் வீடியோக்கள் ஸ்டியரிங் இடப்பக்கம் உள்ள நாட்டில் எடுத்தவை. மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்தில் தொடங்கு என்பதுதான் பழைய வழக்கம். நமக்கு மாஸ்டர் வலப்பக்கம், அதனால் பின் இடது. பிறகு பின் வலது, முன் இடது, முன் வலது. குறுக்காகப் பிரித்த ரெட்டை சர்க்யூட் என்றால் பின் இடதும் முன் வலதும் ஒரு ஜோடி, பின் வலதும் முன் இடதும் மறு ஜோடி. வண்டியோடு வந்த புத்தகம் வேறு வரிசை சொன்னால் புத்தகத்தைக் கேளுங்கள். ஏபிஎஸ் உள்ள வண்டியில் அதன் பெட்டிக்குள் காற்றுப் போயிருந்தால் ஸ்கேனர் வைத்துத்தான் எடுக்கமுடியும், வாசல் வேலை ஆகாது.

எங்கள் வீட்டில் பெடல் மிதிப்பது மனைவி. முதல் வருஷம் "அழுத்து, பிடி, விடு" என்று கத்திக்கொண்டிருந்தேன். நான் "பிடி" என்பது சக்கரத்தடியிலிருந்து அவளுக்கு "விடு" என்று கேட்கும். நிப்பிள் (சக்கரத்தடியில் காற்றை வெளியே விடுகிற சின்னத் திருகு) திறந்திருக்கும்போது காலை எடுத்துவிடுவாள். வெளியே வந்த காற்று அதே வழியில் "கொர்ர்" என்று உள்ளே போகும். ரெண்டு தடவை சண்டை. பிறகு அவளே ஒரு முறை வைத்தாள். கால் முழுக்க இறங்கியதும் அவள் "கீழே" என்பாள். நான் நிப்பிளை முறுக்கிவிட்டு "பூட்டியாச்சு" என்றால்தான் கால் மேலே வரும். வேறு பேச்சே கிடையாது. அன்றிலிருந்து நாலு சக்கரமும் முக்கால் மணி நேரம்தான்.

நிப்பிளில் தெளிவான டியூபை மாட்டி, மறுமுனை பாட்டிலில் ஆயிலுக்குள் முங்கியிருக்கணும். முதலில் டீத்தூள் நிறத்தில் வரும். நடுவே கடுகு கடுகாகக் குமிழி. பிறகு தேன் நிறத்தில் விட்டுவிடாமல் ஒரே கம்பியாக ஓடும், அதுதான் புது ஆயில். டப்பாவில் மட்டம் கீழ்க்கோட்டுக்கு இறங்கவே விடக்கூடாது. பாட்டிலில் சேர்ந்ததைத் திரும்ப ஊற்றக்கூடாது. பெயிண்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவவேண்டும். நிப்பிளுக்கு 10 ரிங் ஸ்பானர். பெடலுக்குக் கீழே ஒரு கட்டையைப் போட்டுக்கொள்வோம், பெடல் தரை வரை போகாமலிருக்க.

மே 19

"ஆறு தடவை பிளீட் பண்ணியும் பஞ்சு" என்று திருப்பூர் நண்பர் ஒருவர் எழுதியதைப் படித்ததும் பழைய வயிற்றெரிச்சல் கிளம்பிவிட்டது.

பத்து வருஷம் முன்னால் முன் சக்கர டிஸ்க்கைப் பேடால் கவ்விப் பிடிக்கிற காலிப்பர் ரெண்டையும் கழற்றிச் சீல் மாற்ற ஒரு பட்டறையில் விட்டேன். எடுத்து வரும்போதே பெடல் மெத்தென்று இருந்தது. "ஓட ஓட சரியாயிரும்" என்றார்கள். ஓடியது, சரியாகவில்லை. வீட்டில் நானே மூன்று பாட்டில் ஆயில் செலவழித்தேன். ஒரு குமிழி வராது, பெடலும் ஏறாது. மாஸ்டரைச் சந்தேகப்பட்டேன், ஹோஸைச் சந்தேகப்பட்டேன், ஆயிலே போலியோ என்றுகூட நினைத்தேன். ஐப்பசி மழையில் சாக்கை விரித்துச் சக்கரத்தடியில் படுத்துக்கிடந்தபோது கண்ணில் பட்டது: நிப்பிள் ஹோஸுக்குக் கீழே, தரையைப் பார்த்து இருந்தது. இடது காலிப்பரை வலதுக்கும் வலதை இடதுக்கும் மாட்டியிருக்கிறார்கள். போல்ட் பொருந்திவிடும், பேட் பொருந்திவிடும். காற்று மட்டும் மேலே ஏறி ஒளிந்துகொள்ளும். நான் அடியிலிருந்து சுத்தமான ஆயிலை மூன்று பாட்டில் இறக்கிக்கொண்டிருந்தேன்.

இடம் மாற்றி மாட்டியதும் முதல் திறப்பிலேயே "ப்ஃபூ" என்று ஒரு பெருமூச்சு. டியூபில் ஒரு சாண் நீளத்துக்கு வெறும் காற்று. அன்றைக்கு நான் பேசிய வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. திருப்பூர் நண்பரே, நிப்பிள் மேலே இருக்கிறதா பாருங்கள்.

மே 20

ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்குகிற கல்லட்டிப் பாதை பற்றிப் பேச்சு வந்துவிட்டது, வராமல் இருக்காது. 36 கொண்டை ஊசி. வெளியூர் வண்டி அந்த வழியாக மசினகுடிக்கு இறங்கக்கூடாது, ஏறலாம் என்கிற ஏற்பாடே பிரேக் விபத்துகளால் வந்தது. அங்கே நடப்பது பெரும்பாலும் வேறு வியாதி. லைனில் முதலில் காற்றே இருக்காது, சூட்டில் ஆயில் கொதித்து ஆவியாகி, அந்த ஆவிதான் காற்றின் வேலையைச் செய்யும்.

பிரேக் ஆயில் தண்ணீரைக் குடிக்கும் சாதி. டாட் 3 தர ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்கும், 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தால் 140. டாட் 4-க்கு 230, 155. எங்கள் ஊரில் ஆறு மாதம் மஞ்சும் மழையும், துணியே காயாது. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஆயிலை மாற்றிவிடுகிறேன், கிலோமீட்டர் பார்ப்பதில்லை.

சூடு எவ்வளவு என்று ஒரு கணக்கு. ஆளும் மூட்டையுமாக ஒரு டன் வண்டி குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் இறங்கினால், விட்டுக்கொடுக்கிற சக்தியில் 45 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்கவைக்கலாம். கல்யாண வீட்டு அண்டா ஒன்று. கியரைப் போட்டு இறங்கினால் அதில் பெரும்பங்கை இன்ஜின் வாங்கிக்கொள்ளும். நியூட்ரலில் இறங்கினால் அண்டா முழுவதும் நாலு பிரேக்கின் தலையில்தான். பெட்ரோல் மிச்சம் என்று இன்ஜினையே நிறுத்தி இறக்குகிற மகராசன்களுக்கு: ரெண்டு மூன்று மிதிக்குப் பிறகு பூஸ்டரும் கிடையாது.

கருகின வாசனை வந்தால் ஓரம் கட்டி ஆறவிடுங்கள். தண்ணீரை ஊற்றாதீர்கள், டிரம் விரிசல் விடலாம். சக்கரத்துக்குக் கல் வையுங்கள். எங்கள் மலை ரயிலில் ஒவ்வொரு பெட்டிக்கும் தனியாக பிரேக்மேன் உட்கார்ந்து வருவதைப் பார்த்திருப்பீர்கள். காருக்கு அந்த வசதி இல்லை.

ஒரு கூடலூர்க்காரர் டப்பாவில் பவர் ஸ்டியரிங் ஆயிலை ஊற்றிவிட்டாராம். ஓட்டாதீர்கள், சீலெல்லாம் ஊதிவிடும். சந்தேகம் இருந்தால் டம்ளர் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். பிரேக் ஆயில் கரைந்துவிடும், மற்றது மினுமினுத்து மிதக்கும்.

மே 22, இரவு

இத்தனை கதை பேசி, 12-ஆம் தேதி "பிறகு எழுதுகிறேன்" என்று விட்ட மூன்றாவது சோதனையை எழுதவே இல்லை. கேள்வி கேட்டவர் தனியாகச் செய்தி அனுப்பித்தான் நினைவுக்கு வந்தது. போனில் சொன்னேன். சமதரையில் இன்ஜினை ஓடவிட்டு, முட்டையை மிதிப்பதுபோல லேசாக மிதித்து, அறுபது எண்ணும் வரை காலை அசைக்காதீர்கள்.

இருபத்தைந்து எண்ணுவதற்குள் ரெண்டு விரற்கடை இறங்கியதாம். பலமாக மிதித்தால் நிற்கிறதாம். நாலு சக்கரமும் காய்ந்து கிடக்கிறது, டப்பாவில் மட்டம் குறையவில்லை.

வெளியே ஒழுகாமல் பெடல் நழுவினால் ஆயில் மாஸ்டருக்குள்ளேயே பிஸ்டனின் ரப்பர் வாஷரைத் தாண்டித் திரும்பி வருகிறது. பலமாக மிதித்தால் வாஷரின் உதடு விரிந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும். லேசாகப் பிடித்தால் கசியும். ஊருக்குள் தொட்டு விடுகிற பிரேக்கில் இது தெரியவே தெரியாது. மரப்பால ஏற்றத்தில், முன் வண்டி பின்னால் உருளுமோ என்று பார்த்துக்கொண்டு, அரைக் காலில் நிமிஷக்கணக்காகப் பிடித்து நிற்கும்போதுதான் தெரியும்.

மலைதான் காரணம் என்பது சரி. மலையின் காற்றைச் சொல்வதைவிட மலையின் நெரிசலைச் சொல்லலாம்.

மே 23, காலை

வாஷர் ஏன் திடீரென்று போயிற்று? பிளீட் பண்ணும்போது பெடலுக்குக் கீழே கட்டை வைத்தீர்களா என்று கேட்டேன். "கட்டையா? தம்பி பலகை வரைக்கும் மிதிச்சானுங்க, நல்லா வரட்டும்னு."

பதினேழு வருஷத்துக்கு மேலாக பிஸ்டன் பாதித் தூரம்தான் போய் வந்திருக்கும். அதற்கு அப்பால் உள்ள சுவரில் துருவும் கசடும். ஒரே நாளில் வாஷரை அங்கே ஐம்பது தடவை தேய்த்தால் உதடு கிழியாமல் என்ன செய்யும்? அந்தக் கட்டையை 17-ஆம் தேதி ஒரு வரியில் போகிற போக்கில் சொல்லிவிட்டேன். முதல் நாளே கேட்டிருந்தால் சிப்ஸ், சிரிஞ்ச், பாஸ்கல் எதுவும் வந்திருக்காது.

மே 27

மாஸ்டரைக் கழற்றிவிட்டார். சிலிண்டருக்குள் சுண்டுவிரலை விட்டால் முன்பாதி கண்ணாடி, உள்பாதி உப்புத்தாள் என்றார். வாஷரின் உதட்டில் நகம் நுழைகிற அளவு வெட்டு. வாஷர் கிட் மட்டும் போட்டால் போதுமா என்றார். சுவர் அப்படி இருந்தால் புது வாஷரும் அதே வழிதான் போகும், முழு சிலிண்டரே வாங்குங்கள் என்றேன். மாட்டுவதற்கு முன் வைஸில் பிடித்து, ஆயில் ஊற்றி, ரெண்டு வாயிலிருந்தும் டியூபை வளைத்து டப்பாவிலேயே முங்கவிட்டு, மெல்ல மெல்லத் தள்ளிக் காற்றை எடுத்துவிட்டு மாட்டணும். பிறகு நாலு சக்கரமும். கட்டையோடு.

ஜூன் 7

நேற்று ஊட்டி வரை போய்வந்தாராம். பர்லியாரில் ஒரு பஸ் நின்றுபோய் இருபது நிமிஷம் ஏற்றத்தில் நிற்கவேண்டி வந்ததாம். லேசாகப் பிடித்துப் பார்த்திருக்கிறார், பெடல் அசையவில்லை. மாமாவும் வண்டியில் இருந்திருக்கிறார். "பாத்தியா, புது சிலிண்டர் டைட்டா இருக்கு. காத்து பூர முடியல" என்றாராம்.

ஜூன் 7, சிறு திருத்தம்

மேலே 10 ஸ்பானர் என்று எழுதியிருந்தேன். அவர் வண்டியில் புதிதாகப் போட்ட பின் நிப்பிள்களுக்கு 8 தான் பொருந்தியதாம். ரெண்டையும் எடுத்துவைத்துக்கொண்டு படுங்கள்.